ஒரு நாள் மலை நடைக்குப் பிரான்மலை போதுமா, சிறுமலைதான் போகணுமா?

பள்ளத்தூர்க்காரன்:
ஐப்பசி, கார்த்திகை மழையில் மலை பச்சைப் பிடித்துக் கிடக்கிறது. வருகிற ஞாயிறு ஆறு பேர் பிரான்மலை ஏறுகிறோம். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர், சிங்கம்புணரி வழி. இருட்டோடு கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் இறங்கிவிடலாம். யார் வருகிறீர்கள்?

காட்டுப்பூனை:
அண்ணே, கோபித்துக்கொள்ளாதீர்கள். அது கோயில் மலை. அடிவாரத்தில் கொடுங்குன்றநாதர், உச்சியில் தர்கா, நடுவில் பாறையும் முள்ளும். காட்டுக்குள் நடக்க ஆசை என்றால் திண்டுக்கல் பக்கம் சிறுமலை போங்கள். 18 கொண்டை ஊசி வளைவு ஏறும்போதே காற்று மாறிவிடும். பொட்டலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அதுதான் மலை.

பள்ளத்தூர்க்காரன்:
பாரியின் பறம்பு மலை உனக்குப் பொட்டலா தம்பி? உழாமல் விளைவது நான்கு என்று கபிலர் கணக்குச் சொன்ன மலை அது. மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகையிட்டிருந்த மூவேந்தரிடம், எத்தனை நாள் காத்துக் கிடந்தாலும் பறம்பு பிடிபடாது என்று அவர் சொன்னது இந்த விளைச்சலை நம்பித்தான்.

காட்டுப்பூனை:
அந்தப் பாட்டைப் பள்ளிக்கூடத்தில் நானும் நெட்டுருப் போட்டவன்தான். ஆகிவிட்டது 2,000 வருடம். போன பங்குனியில் ஏறினேன். பலாவும் காணோம், தேனும் காணோம். பத்து மணிக்கே பாறை தோசைக்கல் மாதிரி காய்ந்துவிட்டது. செருப்பின் அடிப்பாகம் பசை விட்டு வாயைப் பிளந்துகொண்டது. துண்டைக் கிழித்துக் காலோடு சேர்த்துக் கட்டி, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன்.

ஆத்தங்குடி ஆச்சி:
பங்குனி வெயிலில் செருப்பைப் போட்டுக்கொண்டு மலை ஏறியது நீ. பழி மலைக்கா? நான் ஐம்பது வயதில் ஏறினேன், தை மாதம். கோயிலே மூன்று அடுக்கு: பாதாளம், பூலோகம், கயிலாயம். ஒவ்வொன்றாகக் கும்பிட்டுக்கொண்டே போனதால் மூச்சு வாங்கியது தெரியவில்லை. அப்புறம் மேலே நின்று பார்த்தால், கண்மாயெல்லாம் கண்ணாடிச் சில்லு சிதறினாற்போல் மின்னியது. எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று தேடியே அரை மணி நேரம் போய்விட்டது.

ஓய்வுபெற்ற கணக்கர்:
எங்கே போவது என்பதற்கு முன்னால் ஒன்று. அனுமதி வாங்காமல் காட்டுக்குள் கால் வைக்காதீர்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். 2024 அக்டோபரில் அரசு 40 தடங்களை இணையப் பதிவோடு திறந்திருக்கிறது. வழிகாட்டியும் கூடவே வருவார்.

காட்டுப்பூனை:
ஐயா, பதிவு, கட்டணம், வரிசை, வழிகாட்டி... கல்யாண வீட்டுப் பந்திக்குப் போகிற மாதிரி ஆகிவிட்டது. இதற்கு வீட்டிலேயே இருக்கலாம்.

ஓய்வுபெற்ற கணக்கர்:
இருங்கள், நல்லது. காய்ந்த புல்லில் பற்றிய தீ மேட்டை நோக்கித்தான் பாயும். பயந்தவனும் மேட்டை நோக்கித்தான் ஓடுவான். எந்தச் சரிவில் இறங்கினால் தப்பலாம் என்று தெரிந்த ஆள் ஒருவர் கூட வேண்டாமா?

காட்டுப்பூனை:
சரி ஐயா, அது நியாயம்தான். ஆனால் பிரான்மலைதான் காடு என்பதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

பள்ளத்தூர்க்காரன்:
ஒத்துக்கொள்ள வேண்டாம், வந்து பார். தை பிறந்தால் பச்சை வெளிறத் தொடங்கிவிடும். இந்த முறை கான்வாஸ் ஷூ போட்டு வா. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், காலி பாட்டில் திரும்பப் பைக்குள். குரங்குக்குத் தீனி காட்டக்கூடாது, பையையே பிடுங்கிவிடும்.

காட்டுப்பூனை:
வருகிறேன். ஒரு பலா மரமாவது கண்ணில் காட்டணும். இல்லையென்றால் அடுத்த மாதம் சிறுமலை, வண்டி பெட்ரோல் உங்கள் செலவு.

ஆத்தங்குடி ஆச்சி:
மாவுருண்டையும் சீப்புச் சீடையும் கட்டித் தருகிறேன். தூக்குவாளி திரும்பி வரணும். போன தடவை அழகர்மலைக்குக் கொடுத்தது இன்னும் வந்து சேரவில்லை, பள்ளத்தூர்த் தம்பி.