எம்.சி.சி. 25 ஆண்டு ரீயூனியன்: பேட்ச் பெயரில் வளைவா, பிள்ளைகளின் மெஸ் பில்லா?

செங்கை லோக்கல் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். தாம்பரம் மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் (எம்.சி.சி.) 1998-2001 பி.எஸ்சி. வேதியியல் படித்தவள் நான். செங்கல்பட்டிலிருந்து தினமும் லோக்கல் பிடித்து வந்த டே ஸ்காலர். இப்போது அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வருகிற டிசம்பரில் எங்கள் பேட்சின் 25 ஆண்டுச் சந்திப்பு. எல்லாத் துறையும் சேர்ந்து வாட்ஸ்அப் குழுவில் எண்பது பேர் இருக்கிறோம். டி-ஷர்ட் நிறம் ஒரே ராத்திரியில் முடிவாகிவிட்டது. கல்லூரிக்கு என்ன செய்வது என்பதுதான் மாதக்கணக்கில் இழுக்கிறது.

ஒரு கூட்டம், பேட்ச் பெயர் பொறித்த வளைவு வேண்டும், இல்லாவிட்டால் மரத்தடியில் கிரானைட் பெஞ்ச் போடலாம் என்கிறது. இன்னொரு கூட்டம் ஏழைப் பிள்ளைகளுக்கு ஸ்காலர்ஷிப் என்கிறது. மூன்றாவதாக ஒரு நண்பன் போட்ட மெசேஜ்தான் என்னை இங்கே எழுத வைத்தது: "365 ஏக்கர் வைத்திருக்கிற காலேஜுக்கு நம்ம காசு எதுக்கு?"

அதைப் படித்ததும் மனசு வலித்தது. அந்த 365 ஏக்கர் சும்மா கிடைத்த சொத்து இல்லையே. ஐகோர்ட்டுக்கு எதிரே ஜார்ஜ் டவுனில் நெருக்கடியில் இருந்த கல்லூரி, 1937-ல் தாம்பரத்துக்கு வந்தபோது இங்கே இருந்தது முள்ளும் புதரும். எங்கள் வேதியியல் துறைப் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவி ஆலிஸும் முன்னே நின்று மரம் நட்டு வளர்த்ததால்தான் மே மாத வெயிலிலும் அந்த ரோட்டில் நாங்கள் குடையில்லாமல் நடந்தோம். அதற்கும் முன்னால் வில்லியம் மில்லர். 1862-ல் ஸ்காட்லாந்திலிருந்து வந்து, நொடித்துப்போயிருந்த ஒரு பள்ளிக்கூடத்தைக் கல்லூரியாக்கி, 1907 வரை தன் குடும்பப் பணத்தையும் இதிலேயே போட்டவர். ராதாகிருஷ்ணன் தத்துவம் படித்ததும், டி.என். சேஷனும் இந்திரா நூயியும் படித்ததும் இந்தக் கல்லூரியில்தான் என்று மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையில் நமக்குப் பங்கு உண்டென்றால் செலவிலும் பங்கு உண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். கடைசி வருஷம், பரீட்சை ஃபீஸ் கட்டக் கடைசி நாள். என்னோடு சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறுகிற ஒருத்தி காலையிலிருந்து பேசவே இல்லை. அவள் அப்பாவுக்கு வேலை போயிருந்தது. ப்ராக்டிகல் முடிந்து, கிப்ஸ் அப்பாரட்டஸின் அழுகிய முட்டை வாடையோடு லேபுக்கு வெளியே நின்றோம். சார் வந்து எல்லாருடைய ரெக்கார்டு நோட்டையும் கொடுத்தார். அவளுடைய நோட்டுக்குள் ஃபீஸ் கட்டின சலான் இருந்தது, பாங்க் சீல் குத்தியிருந்தது. சார் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, அடுத்த பேட்சுக்கு டைட்ரேஷன் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். அவள் இன்று ஒரு மருந்துக் கம்பெனியில் தர ஆய்வுப் பிரிவுத் தலைவி. ஸ்காலர்ஷிப் பக்கம் முதலில் கை தூக்கியவளும் அவள்தான்.

என் கேள்விகள்: பணம் எதற்குப் போனால் உண்மையில் பிள்ளைகளுக்கு உதவும்? வெளிநாட்டில் இருப்பவர்கள் எப்படி அனுப்புவது? எல்லாவற்றையும்விட முக்கியம், நாலு பெரிய கைகள் மட்டும் கொடுத்து முடித்துவிடாமல் எண்பது பேரையும் எப்படிக் கொடுக்க வைப்பது? எங்களில் ஆட்டோ ஓட்டுகிறவரும் இருக்கிறார், தனியார் பள்ளியில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கூசிப்போய் ரீயூனியனுக்கே வராமல் இருந்துவிடக் கூடாது.

ஹீபர் ஹால்காரன் எழுதியது:

சகோதரி, நான் உங்களுக்குப் பத்து வருஷம் சீனியர். அப்போது பிஷப் ஹீபர் ஹால் விடுதி, இப்போது டெக்சஸ்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். நம் ஊர்ப் பெருமை ஹால் பெருமை, அதாவது அவரவர் விடுதிப் பெருமை. சேலையூர் ஹால்காரனும் செயின்ட் தாமஸ் ஹால்காரனும் அறுபது வயதிலும் ஒருத்தனை ஒருத்தன் விட மாட்டார்கள். ஹால் டே என்றால் விமானம் ஏறி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ரோஷத்தை வைத்தே பணம் திரட்டுங்கள். ஆனால் ரூபாயை எண்ணாதீர்கள், ஆளை எண்ணுங்கள். எந்த ஹாலில் எத்தனை பேர் கொடுத்தார்கள் என்பது மட்டும்தான் போட்டி. நூறு ரூபாய் கொடுத்தவரும் ஒரு ஆள், ஒரு லட்சம் கொடுத்தவரும் ஒரு ஆள். டே ஸ்காலர்களைத் தனி அணியாக வையுங்கள், அவர்களே ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை. இங்கே அமெரிக்கக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்கள் வருஷத்துக்கு ஒரு நாளைக் கொடைநாள் என்று வைத்து, கல்லூரி நிற உடுப்பைப் போட்டுக்கொண்டு இதைத்தான் செய்கின்றன. தொகையைவிடக் கொடுத்தவர் எண்ணிக்கையைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். என் மகள் படித்த இடத்தில் நேரிலேயே பார்த்தேன்.

வெளிநாட்டு விஷயம். இதில் கவனம் வேண்டும். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் என்ஆர்ஐ தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில் வராது. என்னைப் போல அமெரிக்கக் குடியுரிமை வாங்கியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை கையில் இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர்தான். எங்கள் பணம் எஃப்சிஆர்ஏ என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவுள்ள அமைப்புக்கு மட்டுமே போகலாம், அதுவும் டெல்லி பாரத ஸ்டேட் வங்கி மெயின் கிளையில் அந்த அமைப்பு வைத்திருக்கும் எஃப்சிஆர்ஏ கணக்குக்கு. பேட்ச் பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு ஜிபேயில் போடச் சொல்லாதீர்கள். நல்ல மனசோடு செய்தாலும் அவருக்குத் தலைவலி. யார் எந்த பாஸ்போர்ட் என்று முதலிலேயே ஒரு பட்டியல் எடுத்துவிடுங்கள்.

பழைய கேஷியர் எழுதியது:

நான் எம்.சி.சி.யில் படித்தவன் இல்லை. தென்மாவட்டத்தில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன். பழைய மாணவர் பணம் வரும் வழியையும் போகும் வழியையும் இருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன் அம்மா.

"காலேஜ் பணக்காரக் காலேஜ்" என்கிற நண்பருக்கு இதைக் காட்டுங்கள். அரசு உதவி பெறும் எய்டட் கல்லூரியில் அரசு தருவது அனுமதித்த பணியிடங்களுக்கான சம்பளம். சுயநிதிப் பிரிவு நடப்பது பிள்ளைகள் கட்டும் ஃபீஸில். ஒரே வளாகத்தில், ஒரே பாடம் படிக்கும் இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி சில ஆயிரம் கட்டுவாள், இன்னொருத்தி அதைப்போலப் பல மடங்கு கட்டுவாள். நிலம் எத்தனை ஏக்கர் இருந்தால் என்ன, அதை விற்றா அந்த ஃபீஸைக் குறைக்க முடியும்? கல்லூரி நடத்தக் கிடைத்த நிலம் கல்லூரி நடத்தத்தான்.

அரசு உதவியும் இருக்கிறது, மறுக்கவில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. ஆனால் விடுதியில் தங்குகிற பிள்ளைக்கு மெஸ் பில் அதைவிடப் பெரிசு. எங்கள் ஆபீஸ் கவுண்டரில் பிள்ளைகள் அழுதது பெரும்பாலும் டியூஷன் ஃபீஸுக்கு இல்லை, மெஸ் பாக்கிக்குத்தான். மூன்று மாதம் பாக்கி சேர்ந்தால் சொல்லாமல் கொள்ளாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவார்கள். அதற்கு யாரும் ஸ்காலர்ஷிப் வைப்பதில்லை. கல்வெட்டில் "மெஸ் பில் நிதி" என்று போட்டால் எடுப்பாக இல்லையாம்.

இப்போது கணக்கு. ஐந்து லட்சம் திரட்டி வைப்புநிதியாகப் போட்டால், ஏழு சதவீத வட்டியில் வருஷத்துக்கு 35,000 வரும். அசல் அப்படியே இருக்கும், உங்கள் பெயரும் இருக்கும், விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகும். இருபது வருஷத்துக்கு முன்னால் வைத்த அறக்கட்டளைகளில் இன்று வருஷத்துக்கு 600 ரூபாய் பரிசு கொடுக்கிறவற்றை நான் பார்த்திருக்கிறேன். வாங்குகிற பிள்ளைக்கு ஊருக்குப் போய்வரப் பஸ் காசு. மாறாக, எண்பது பேர் மாதம் 500 போட்டால் மாதம் 40,000. ஒரு பிள்ளைக்கு மாத மெஸ் பில் 4,000 என்று வைத்துக்கொண்டால் பத்துப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள், இந்த மாதமே. ஆகவே என் யோசனை: பெரிய தொகை தரக்கூடியவர்கள் வைப்புநிதிக்கு, மற்ற எல்லாரும் மாதாமாதம் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் போகிற ஆட்டோ டெபிட். இரண்டையும் குழப்பாதீர்கள். கொடுக்கும்போதே கடிதத்தில் "வைப்புநிதிக்கு" என்றோ "நடப்புச் செலவுக்கு" என்றோ எழுதிக் கொடுங்கள். எழுதாவிட்டால் ஆடிட்டர் தனக்குத் தோன்றிய தலைப்பில் போடுவார்.

வளைவு வேண்டவே வேண்டாம். பெயின்ட் அடிக்கிற செலவும் கல்லூரி தலையில்தான் விழும்.

வால்பாறை எழுதியது:

அக்கா, நான் 2022-ல் டிகிரி முடித்தேன். வேறு ஒரு கல்லூரி, பெயர் வேண்டாம். டீ எஸ்டேட் லைன் வீட்டிலிருந்து விடுதிக்குப் போனவள்.

கேஷியர் ஐயா சொன்ன மெஸ் பாக்கி லிஸ்டில் என் பெயர் இருந்திருக்கிறது. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள். சாப்பிடப் போகிற வழியிலேயே அந்த போர்டு. தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதைத் தாண்டிப் போக வேண்டும். சில நாள் இரவுச் சாப்பாட்டுக்கு எல்லாரும் போய் முடித்த பிறகு போவேன், அப்போது சாம்பாரில் காயே இருக்காது.

பழைய மாணவர்கள் யாரோ பணம் கட்டினார்கள். அது பெரிய உதவி, இன்றைக்கும் மறக்கவில்லை. ஆனால் ஆண்டு விழாவில் பயனாளிகள் என்று எங்களை வரிசையாக மேடையில் ஏற்றி, பெரிய அட்டைச் செக்கைப் பிடிக்க வைத்துப் போட்டோ எடுத்தார்கள். வகுப்புப் பசங்க எல்லாரும் கீழே உட்கார்ந்திருந்தார்கள். அக்கா, தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். உங்கள் சார் சலானை நோட்டுக்குள் வைத்துக் கொடுத்தார் இல்லையா, அப்படியே கொடுங்கள். விடுதி வார்டனுக்குத்தான் யார் நேரங்கழித்துச் சாப்பிட வருகிறார்கள் என்று தெரியும். மார்க் பார்த்துத் தேர்ந்தெடுக்காமல், வார்டனும் துறை ஆசிரியரும் சேர்ந்து சொல்லும் பெயருக்குக் கொடுங்கள். பணம் நேராக மெஸ் கணக்குக்குப் போகட்டும், பெயர் லிஸ்டிலிருந்து அழிந்தால் போதும்.

நான் இப்போது கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறேன். என் கல்லூரிக்கு மாதம் 300 அனுப்புகிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே ஆரம்பித்துவிட்டேன்.

வட்டுக்கோட்டை எழுதியது:

நான் யாழ்ப்பாணக் கல்லூரிப் பழைய மாணவன், இப்ப ரொறன்ரோவில. எங்கட பள்ளிக்கூடத்தின்ர வேர் 1823-ல அமெரிக்க மிஷனரிமார் தொடங்கின வட்டுக்கோட்டை செமினறி. செமினறி மூடுப்பட்ட பிறகு, அந்த இடத்திலயே 1872-ல யாழ்ப்பாணக் கல்லூரியாத் திரும்பவும் தொடங்கினது. போர்க் காலத்தில பிள்ளையள் இடம்பெயர்ந்தும் பள்ளிக்கூடம் நிண்டுபோகேல்லை.

புலம்பெயர்ந்த நாங்கள் காசு சேர்க்கிறது ராப்போசன விருந்து வைச்சுத்தான். ஆனால் சனத்தை உண்மையா ஒண்டாக்கிறது சென் பற்றிக்ஸ் கல்லூரியோட நடக்கிற துடுப்பாட்டம், அதுதான் கிரிக்கெட், பொன் அணிகளின் போர் எண்டு பேர். மட்ச் நடக்கிற கிழமையில கேட்டால் இல்லை எண்டு சொல்லுற ஆள் இல்லை. அந்த டெக்சஸ் அண்ணை சொன்னது சரி தங்கச்சி, கொண்டாட்டம் சூடா இருக்கேக்கையே கேளுங்கோ. எல்லாரும் வீட்டை போனாப் பிறகு மெயில் போட்டால் பதில் வராது.

செங்கை லோக்கல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வால்பாறைத் தங்கச்சி எழுதியதை அப்படியே குழுவில் போட்டேன். "365 ஏக்கர்" என்று எழுதின நண்பன்தான் முதலில் பதில் போட்டான்: "மாதம் ஆயிரம், என் பெயரை எழுதிக்கோ." வளைவுக்காரர்கள் இன்னும் முழுசாக இறங்கி வரவில்லை. ஆனால் எம்.ஆர்.எஃப். நிறுவனர் மாம்மன் மாப்பிள்ளை நம் கல்லூரியில் படித்தவர், இன்று அந்தக் கம்பெனி பெயரோடு வளாகத்தில் ஒரு இன்னோவேஷன் பார்க் இருக்கிறது, பெரிய கட்டடங்களை அந்த அளவில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், சோறு நம் அளவுக்கான வேலை என்று சொன்னதும் சத்தம் அடங்கியது.

நாங்கள் எடுத்த முடிவு: கல்லூரியின் ஆண்டர்சன் ஹால் அரங்கில் கூட்டம் நடக்கும்போதே ஆட்டோ டெபிட் படிவம் கையில் கொடுக்கப்படும். ஹால் வாரியாக ஆள் எண்ணிக்கை மட்டும் திரையில் வரும், தொகை வராது. டி-ஷர்ட்டுக்கு வாங்குவதாக இருந்த விலையுயர்ந்த துணியை மாற்றி, மிச்சமாகும் பணத்தை முதல் மாதக் கணக்கில் சேர்க்கிறோம். மேடையில் எந்தப் பிள்ளையையும் ஏற்றுவதில்லை, இதைத் தீர்மானமாகவே எழுதி வைத்துவிட்டோம். இனி கல்லூரி அலுவலகத்திலும் பழைய மாணவர் சங்கத்திலும் போய்ப் பேச வேண்டும். போகுமுன் கேஷியர் ஐயாவிடம் ஒன்று: வரிச்சலுகை பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், என்ன சொல்ல?

பழைய கேஷியர் எழுதியது:

நன்கொடைக்கு வரிச்சலுகை தருகிற பதிவு (80ஜி என்று பழகிய பெயர்) யார் பெயரில் இருக்கிறது, கல்லூரியா சங்கமா என்று கேட்டு, அந்தப் பெயருக்கே பணம் போகட்டும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தக் கழிவே இல்லை, அதை இப்போதே சொல்லிவிடுங்கள், பிறகு மனத்தாங்கல் வேண்டாம். ரசீது மட்டும் போதாது, பணம் வாங்கிய அமைப்பு தருகிற நன்கொடைச் சான்றிதழும் வேண்டும். நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் கொடுக்க வேண்டியது. எண்பது பேருடைய பான் எண்ணையும் எழுத்துப்பிழை இல்லாமல் ஒரே எக்செல்லில் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். கவுண்டரில் இருக்கிற பையன் உங்களை வாழ்த்துவான்.