புதுப்பிப்பு: இணையராகத் துப்பாக்கி சுடும் பயிற்சி

திறந்தவெளியில் குறிபார்த்துச் சுடும் பயிற்சியில் நானும் மனைவியும் சேரப்போவதாக முன்பு எழுதியபோது, உரிமம் வேண்டாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். 4.5 மி.மீ. குழல் விட்டத்துக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. அதற்காக மொட்டை மாடியில் நின்று சுடலாம் என்று பொருளல்ல.

நாங்கள் செல்லும் களம் சென்னைப் புறநகரில் இருக்கிறது. கடற்காற்று வீசத் தொடங்கியதும் குழல்முனை ஆடுகிறது. 10 மீட்டர் தொலைவிலுள்ள அட்டையில் பத்துப் புள்ளிக்குரிய வெண்பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர் என்பதால், காலையிலேயே முடித்துவிடுகிறோம்.

மனைவிக்கு இடக்கண்ணே குறிபார்க்கும் கண் என்று கண்டுபிடித்த பயிற்சியாளர், துப்பாக்கியை இடத்தோளுக்கு மாற்றச் சொன்னார். அதன்பின் மனைவியின் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. என் அட்டையோ இன்னும் அம்மை போட்ட முகம்தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் கைத்துப்பாக்கியில் வெண்கலம் வென்ற கலப்பு அணிப் போட்டியைப் போல, இப்போது இருவர் புள்ளிகளையும் கூட்டியே கணக்கிடுகிறோம் (யாருக்கு லாபம் என்று சொல்லத் தேவையில்லை).

ஈயக் குண்டைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்க மனைவி என்னை விடுவதேயில்லை. அடுத்து, மண்டியிட்டுச் சுடும் நிலையைக் கற்கவிருக்கிறோம்.