அப்டேட்: கீழக்கரை வீட்டை நினைவுச் சின்னமா அறிவிக்க முடியுமான்னு கேட்டிருந்தேன்ல

உம்மா பேர்ல இருக்குற பழைய முருகைக்கல் (பவளப்பாறைலருந்து வெட்டுன கல்லு) வீடு, இடிச்சு அபார்ட்மென்ட் கட்டலாம்னு பேச்சு வந்தப்ப இங்க கேட்டிருந்தேன். பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

விசாரிச்சதுல தெரிஞ்சது, மத்திய தொல்லியல் துறை 1958 சட்டப்படி எடுக்கணும்னா 100 வருஷமாவது ஆகியிருக்கணும், ரெண்டு மாசம் நோட்டீஸ் குடுத்து ஆட்சேபணை கேப்பாங்க, அறிவிச்சுட்டா சுத்தி 100 மீட்டருக்குப் புதுக் கட்டடமே கூடாது, அதுக்கு அப்புறம் 200 மீட்டருக்கும் பெர்மிஷன் வாங்கணும். நம்ம தெருவுல வீடுங்க தோளோட தோள் ஒட்டி நிக்குது, பக்கத்து வீட்டு மாமி மாடி எடுக்க முடியாமப் போயிடும், அவங்க வயித்தெரிச்சல் நமக்கு வேணாம். அதனால மாநிலத் தொல்லியல் துறைக்குத்தான் மனு எழுதியிருக்கோம், அவங்களுக்கு 1966-ல தனிச் சட்டம் இருக்கு. உம்மா கையெழுத்துப் போட்டாச்சு, காக்கா (அண்ணன்) இன்னும் யோசிக்கிறாரு.

நேத்து பின்கட்டுல சிமென்ட் பூச்சு ஒரு பாளமா விழுந்துடுச்சு. உள்ள கல்லு தேன்கூடு மாதிரி கண்ணு கண்ணா இருக்கு, கை வச்சா ஈரம், விரல்ல உப்பு ஒட்டுது. சிமென்ட் போட்டதுதான் தப்பு, சுவரு மூச்சு விட முடியல. உடைஞ்ச கல்லுக்குப் பதிலா புதுசு எடுக்கவும் வழியில்ல, பவளப்பாறை 2001-லருந்து வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணைல இருக்கு, எடுக்கவும் கூடாதுதான். இருக்குற கல்லக் காப்பாத்தியே ஆகணும்.

ராமநாதபுரம் பக்கம் சுண்ணாம்புப் பூச்சு தெரிஞ்ச கொத்தனார் யாராச்சும் இருந்தா சொல்லுங்க, மழைக்கு முன்னாடி அந்தச் சுவரை முடிக்கணும்.