மறு: ஃப்ளேர் – ‘சுடர்வு’ வேண்டாம், ‘இடையெகிறல்’ ஆகுமா?

> ஃப்ளேர் என்றால் சுடர்விடுதல். ஆகவே ‘கதிச்சுடர்வு’ எனலாம். இல்லையேல் இருக்கிற ‘வழுக்கல்’ போதும்.

ஐயா, ஆட்டோமேட்டிக் வண்டியில் கியர் மாறும்போது இஞ்சின் கணநேரம் எகிறும் ‘ஃப்ளேர்’ கோளாறுக்கு நீங்கள் சொன்ன இந்தத் தமிழ்ச்சொற்கள் இரண்டுமே ஒத்துவராது என்பேன். இங்கே எதுவும் சுடர்விடுவதில்லை. கவனிக்காமல் ஓட்டினால் கிளட்ச் தட்டு கருகும், அது வேறு கதை.

புதுச்சேரி முதலியார்பேட்டையில் ஒரு ஷெட்டில் பழைய பென்ஸ் நிற்கிறது. 123 வரிசை, ஆட்டோமேட்டிக். மெக்கானிக் சொன்னது: “ரெண்டுலேர்ந்து மூணுக்கு மாறுறப்ப சும்மா ரேஸ் எகிறுது சார். அப்புறம்தான் டொப்புனு புடிக்குது.” கூடவே ஏறி அரியாங்குப்பம் பாலம் வரை போய்ப் பார்த்தேன். அவர் சொன்னது அப்படியே காதில் கேட்டது.

கியர் மாறும் நேரத்தில் கியர்பாக்ஸுக்குள்ளே ஒரு பிடி (கிளட்ச் அல்லது பட்டை) விடவேண்டும், இன்னொன்று பிடிக்கவேண்டும். முதலாவது முந்திக்கொண்டு விட்டு, அடுத்தது பிந்திப் பிடித்தால் நடுவில் இஞ்சினுக்குச் சுமையே இல்லை. கணநேரம் உறுமி எகிறுகிறது. இதுதான் ஃப்ளேர். வழுக்கல் அப்படியல்ல. கியர் விழுந்த பிறகும் தட்டு பிடிக்காமல், மேட்டில் மிதிக்க மிதிக்க இஞ்சின் மட்டும் சுற்றும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியே கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர். இரண்டையும் நேராகப் பூட்டும் லாக்கப் அதில் இல்லையென்றால், இஞ்சின் வண்டியை இழுக்கும்போதெல்லாம் கியர்பாக்ஸ் பக்கத்து டர்பைன், இஞ்சின் பக்கத்து பம்ப்பைவிடச் சற்றுப் பின்தங்கித்தான் சுற்றும். அதையும் ‘ஸ்லிப்’ என்றுதான் எழுதுகிறார்கள், ஆனால் அது கோளாறே இல்லை! மூன்றுக்கும் ஒரே சொல் என்றால் படிப்பவர் எதைப் பிரிப்பார்?

இந்த வண்டிக்கே நேர்ந்தது அது. வேறொரு பட்டறையில் ‘ஸ்லிப்’ என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு கியர்பாக்ஸையே இறக்கவேண்டும் என்றார்களாம். இங்கே முதலில் கியர்பாக்ஸ் ஆயில் பார்த்தார்கள். நன்றாக ஓட்டிச் சூடேற்றி, சமதரையில், கியரை ‘பார்க்’ நிலையில் வைத்து, இஞ்சின் ஓடும்போதே அளவுக்கம்பியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தார் மெக்கானிக். நிறம் இன்னும் சிவப்பு, கருகல் வாடை இல்லை, அளவு மட்டும் குறைவு. ஊற்றியதும் எகிறல் பாதி அடங்கியது. மீதிக்கு, கியர்பாக்ஸின் எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேக்யூம் மாடுலேட்டரின் சாவியைக் கொஞ்சம் வலப்பக்கம் திருப்பினார். உள்ளழுத்தம் கூடியது, பிடி நேரத்துக்கு விழுந்தது.

ஆகவே என் முன்மொழிவு ‘இடையெகிறல்’. இரு கியருக்கு இடையில் எகிறுவது என்று யாரும் விளக்காமலே புரியும். ‘வண்டி இடையெகிறுது’ என்று வினையாகவும் வாயில் வருகிறது. ‘கதிச்சுடர்கிறது’ என்று எந்த ஷெட்டில் சொல்வார்கள்? பேச்சுவழக்கு வாடை அடிக்கிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம். அடிக்கட்டும். இதற்கு நேரெதிரான கோளாறு, பழைய பிடி விடுமுன்பே புதியதும் பிடித்து வண்டி குலுங்குவது. அதற்கு ‘இருபிடி’ போதும்.

மாடுலேட்டருக்கான தமிழ்ச்சொல்லைத் தனி இழையில் பேசுவோம். வானொலிக்கு வைத்த ‘பண்பேற்றி’யை மட்டும் தயவுசெய்து இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.