கறுப்பினப் பெண்களின் மிதிவண்டிக் குழுவைப் போல, கோலாலம்பூரில் நம் பெண்களுக்கும் ஒன்று தொடங்கலாமா?

செந்தூல் மங்கை கேட்டது:

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். நான் செந்தூலில் வசிக்கிறேன். நாற்பதைக் கடந்தவள், வேலைக்குச் செல்பவள். இடைநிலைப்பள்ளிக் காலத்திற்குப் பிறகு மிதிவண்டியைத் தொடாமலே இருந்த நான், மகன் ஓட்டாமல் விட்ட வண்டியைச் சீர்செய்து, இப்போது கெப்போங் மெட்ரோபாலிட்டன் பூங்காவில் ஏரியைச் சுற்றி ஓட்டி வருகிறேன். மேட்டில் மூச்சு வாங்குகிறது என்றாலும், அந்த நேரம் எனக்கே உரியது என்ற நிறைவை வேறெதுவும் எனக்குத் தந்ததில்லை.

அமெரிக்காவில் இயங்கும் 'பிளாக் கேர்ள்ஸ் டூ பைக்' என்னும் அமைப்பைப் பற்றி அண்மையில் படித்தேன். பிட்ஸ்பர்க் நகரைச் சேர்ந்த மோனிகா கேரிசன் என்னும் கறுப்பினப் பெண்மணி 2013ஆம் ஆண்டில் அதைத் தொடங்கியிருக்கிறார். மிதிவண்டி ஓட்டும்போது தம்மைப் போன்ற பெண்களை அரிதாகவே காண முடிந்ததால், அப்படிப்பட்டவர்கள் ஒருவரையொருவர் கண்டுகொள்வதற்காக இணையத்தில் ஆரம்பித்த அந்த முயற்சி, இன்று பல நகரங்களில் கிளைகளாகப் பரவியிருக்கிறது. ஒவ்வொரு கிளையையும் அந்தந்த ஊர்ப் பெண்களே தன்னார்வத்தோடு வழிநடத்துகிறார்கள். எத்தனை கிளைகள் என்பதைவிட, புதிதாக வருகிற பெண்ணின் வண்டி எத்தகையது, வேகம் எவ்வளவு என்பதையெல்லாம் பார்க்காமல் அவளைச் சேர்த்துக்கொள்ளும் போக்கே என் மனத்தில் நின்றது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இங்குள்ள ஒரு குழுவின் ஞாயிறு ஓட்டத்திற்கு நான் ஆவலோடு சென்றிருந்தேன். யாரும் என்னிடம் கடுமையாகப் பேசவில்லை. ஆயினும் முதல் சமிக்ஞை விளக்கைத் தாண்டியதுமே அவர்கள் கண்ணுக்கு எட்டாத தூரத்திற்குப் போய்விட்டார்கள். வழி தெரியாத சாலையில் லாரிகளுக்கு நடுவே தனியாக மிதித்து, பசியாறும் கடையைத் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர்கள் உண்டு முடித்துக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். அங்கு வந்திருந்த பெண்கள் மிகச் சிலர். தமிழ்ப் பெண் நான் மட்டுமே. வீட்டிலோ, இந்த வயதில் இது எதற்கு என்று மாமியார் கேட்கிறார்.

என்னைப் போல் ஆசையை மனத்திற்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும் பெண்கள் செந்தூலிலும் பத்துமலை வட்டாரத்திலும் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்களுக்கென்று ஒரு குழு தொடங்குவது முறையாகுமா? தொடங்கினால் எங்கே ஓட்டுவது, எதை முதலில் கற்றுக்கொடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

தீவுக்காரி, பாயான் லெப்பாஸ்:

அக்கா, தயங்காமல் தொடங்குங்கள். நாங்கள் இங்கே பினாங்கில், தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்யும் பெண்கள் சிலர் சேர்ந்து ஓட்டுகிறோம். குழு என்று பெயர்கூட வைக்கவில்லை. இரவு ஷிப்ட் முடிந்தவர்கள் உறங்கப் போவார்கள், காலை ஷிப்ட் இல்லாதவர்கள் வருவார்கள்; அவ்வளவுதான் எங்கள் அமைப்பு. இருந்தும் அது நீடிப்பதற்குக் காரணம் நாங்கள் விடாமல் பின்பற்றும் ஒரே ஒரு விதி: எங்களில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான் கடைசியில் வருவார். பெரும்பாலான குழுக்களில் வல்லவர் முன்னே போவார், மெதுவாக வருபவர் தம் பாட்டைத் தாமே பார்த்துக்கொள்வார். நாங்கள் இதைத் திருப்பிப் போட்டோம். மெதுவாக வருபவருக்குப் பின்னால் எப்போதும் ஒருவர் இருக்கிறார் என்பது தெரிந்துவிட்டால், புதியவருக்குப் பாதி அச்சம் போய்விடுகிறது. எந்த வழி, எவ்வளவு தூரம், எங்கெங்கே நின்று காத்திருப்போம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்பதை முதல் நாளே புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் எழுதிவிடுவோம். திரும்பும் நேரத்தைச் சொன்னால் அதைக் கட்டாயம் காப்பாற்றுங்கள், அக்கா. வீட்டில் பிள்ளைகளைக் கணவரிடமோ அத்தையிடமோ ஒப்படைத்துவிட்டு வரும் பெண் மறு வாரமும் வருவாளா என்பது பெரும்பாலும் அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கழிப்பறையைப் பாருங்கள். ஆண்கள் வகுக்கும் வழிகளில் இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. மாதவிடாய் நாள்களில் ஓட்டுபவருக்கும், பிள்ளை பெற்று அதிக காலம் ஆகாதவருக்கும், எண்ணெய் நிலையமோ பூங்காவோ எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பது மலையேற்றத்தைவிட முக்கியமான செய்தி. நாங்கள் குவீன்ஸ்பேயிலிருந்து பத்து மாவுங் பக்கம் போகும் கரையோரப் பாதையில்தான் புதியவர்களைப் பழக்குகிறோம். மேடில்லை, பெரும்பகுதி வாகனங்களிலிருந்து விலகியே இருக்கும். பழகிய பிறகு பாலிக் பூலாவ் சுங்கை பூரோங் வயல்வெளிச் சாலைகளுக்குப் போகலாம். எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்திலிருந்து வரும் தோழிகள் வண்டியோடு ஃபெரியில் ஏறி வருகிறார்கள், ஏனென்றால் பினாங்குப் பாலத்தில் மிதிவண்டிக்கு அனுமதி இல்லை. 2023இல் வந்த புதிய ஃபெரிகள் கார்களை ஏற்றுவதில்லை. பயணிகளும் மோட்டார்சைக்கிள்களும் மிதிவண்டிகளும் மட்டுமே என்பதால் ஏறி இறங்குவதும் எளிது.

உடையைப் பற்றி யாரையும் வற்புறுத்தாதீர்கள். இறுக்கமான உடை அணிந்தால்தான் சேர்ப்போம் என்ற எண்ணமே பல பெண்களைத் தடுத்து நிறுத்துகிறது. பஞ்சுத் திண்டு தைத்த குட்டைக் காற்சட்டையை உள்ளே அணிந்து, மேலே தளர்வான காற்சட்டையோ நீளமான சட்டையோ போட்டுக்கொள்ளலாம். துப்பட்டா மட்டும் கூடாது. அது சங்கிலியில் சிக்கினால் வண்டி நின்ற இடத்திலேயே நம்மைக் கவிழ்த்துவிடும். தலைமுடியும் நமக்கு ஒரு பிரச்சினைதான். கறுப்பினப் பெண்களும் தங்கள் அடர்ந்த சுருள்முடிக்கும் பின்னல்களுக்கும் தலைக்கவசம் பொருந்துவதில்லை என்று பேசுவதைப் பார்த்திருக்கிறேன். உச்சியில் கொண்டை போட்டுக்கொண்டு கவசத்தை அணிந்தால் அது நெற்றியைவிட்டு மேலேறி நிற்கும், விழுந்தால் காக்காது. பிடரிக்குக் கீழே தாழ்வாகப் பின்னலிட்டு, கவசத்தின் பின்புறத் திருகைத் தளர்த்திப் போட்டுப் பிறகு இறுக்குங்கள். நெற்றியில், புருவத்திற்கு மேல் இரண்டு விரல் இடைவெளிதான் இருக்க வேண்டும்.

நெடுஞ்சாலை நண்பர், பெட்டாலிங் ஜெயா:

இருவருக்கும் வணக்கம். நான் பல்லாண்டுகளாக மிதிவண்டி ஓட்டி வருபவன். என் குழுவில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூவினத்தவரும் இருக்கிறார்கள். சகோதரிக்கு நேர்ந்தது வருத்தத்திற்குரியது. அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் இனத்தின் பெயராலும் பாலினத்தின் பெயராலும் தனிக்குழு அமைத்துக்கொண்டால், பலரும் கலந்து வாழும் இந்நாட்டில் நாமே நம்மை ஒதுக்கிக்கொள்வதாகாதா? அமெரிக்காவில் கறுப்பின மக்கள் சட்டத்தாலேயே ஒதுக்கப்பட்டவர்கள். அந்த வரலாறு நமக்கில்லையே. இருக்கின்ற குழுக்களைத் திருத்துவதுதான் நல்லது என்பது என் கருத்து.

கிள்ளான் ஆசிரியை:

ஐயா சொல்வதில் ஒரு பகுதியை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். அவர்களுடைய வரலாறு அவர்களுடையது. அதை நாம் நம்முடையதாகச் சொல்லிக்கொள்வது நேர்மையாகாது. அதை அறிந்துகொள்ளாமல் அவர்களுடைய குழுவைப் பார்த்து ஒன்று தொடங்குவதும் சரியன்று என்பதால், எனக்குத் தெரிந்ததை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

பாஸ்டன் பகுதியில் கிட்டி நாக்ஸ் என்னும் இளம்பெண் இருந்தார்; தையல் வேலை செய்து பிழைத்தவர், கறுப்பினத் தந்தைக்கும் வெள்ளையினத் தாய்க்கும் பிறந்தவர். 1893இல் அமெரிக்க மிதிவண்டி ஓட்டுநர் சங்கத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டே அந்தச் சங்கம், வெள்ளையர்கள் மட்டுமே உறுப்பினராகலாம் என்று விதியைத் திருத்தியது. 1895இல் நியூஜெர்சியின் ஆஸ்பரி பார்க் நகரில் நடந்த சங்கத்தின் கூட்டத்திற்கு, விதி மாறுவதற்கு முன்பே பெற்ற உறுப்பினர் அட்டையோடு அவர் போய் நின்றார். அக்காலப் பெண்கள் நீண்ட பாவாடையோடு ஓட்டியபோது, அவர் தாமே தைத்த முழங்கால்வரைக் காற்சட்டையோடு ஓட்டினார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1900ஆம் ஆண்டில், இருபதுகளின் நடுவிலேயே மறைந்துவிட்டார். அந்தச் சங்கத்தின் வழிவந்த அமைப்பு அந்த நிறத்தடையை முறைப்படி மறுதலித்தது 1999இல்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல்!

1928ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் ஐந்து கறுப்பினப் பெண்கள் நியூயார்க்கிலிருந்து வாஷிங்டன் வரை 250 மைல் தூரத்தை மூன்று நாள்களில் மிதித்துக் கடந்தார்கள். அதாவது ஏறத்தாழ 400 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து பட்டர்வொர்த்துக்குப் போவதைவிடத் தூரம் அதிகம். அந்தக் காலத்துக் கனமான வண்டிகளில், நிறத்தைப் பார்த்து விடுதியும் உணவகமும் கதவடைக்கக்கூடிய நாட்டில் போனார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கிறது. முடித்த கையோடு, இதைவிடக் குறைந்த நேரத்தில் செய்து காட்டுங்கள் என்று மற்றப் பெண்களுக்கு அறைகூவலும் விடுத்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும், அவர்கள் அமைத்துக்கொண்ட குழுக்கள் மற்றக் குழுக்களைவிட்டு ஒதுங்கி வாழ்வதற்காக இயங்கவில்லை. தனியாகப் பழகி உறுதிபெற்றவர்கள் நெடுந்தூர ஓட்டங்களுக்கும் பந்தயங்களுக்கும் போகிறார்கள். ஆயிஷா மக்கோவன், தொழில்முறைச் சாலைப் பந்தயத்தில் முதல் கறுப்பின அமெரிக்கப் பெண்ணாக வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லிப் பல ஆண்டுகள் உழைத்து, 2021இல் லிவ் ரேசிங் அணியோடு இணைந்தார். ஆகவே ஐயா, நம் பெண்களுக்குச் சட்டத்தடை எதுவும் இல்லை என்பது உண்மை. ஆயினும் சட்டம் தடுக்காத இடத்திலும், தன்னைப் போன்றவர் ஒருவரும் இல்லாத கூட்டத்திற்குள் நுழைய ஒரு பெண் தயங்குகிறாள். தமிழில் கேள்வி கேட்டு, தமிழில் விடை பெற்று, மூச்சு வாங்குவதை மறைக்காமல் நிற்கக்கூடிய ஓரிடம் கிடைத்தால், ஆறு மாதத்தில் அவளே உங்கள் குழுவிற்கும் வருவாள். எல்லாக் குழுக்களும் திருந்தும் வரை அவள் காத்திருக்க வேண்டும் என்று கேட்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். சீனத் தோழியோ மலாய்த் தோழியோ வந்தால் மறுக்காதீர்கள். நம் பெண்களை மனத்தில் வைத்துத் தொடங்கினால் போதும். வாசலில் நின்று ஆளைப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை.

நெடுஞ்சாலை நண்பர், பெட்டாலிங் ஜெயா:

ஆசிரியையின் விளக்கத்திற்கு மனமார்ந்த நன்றி. கிட்டி நாக்ஸைப் பற்றி இன்றுதான் அறிந்தேன். காத்திருக்கச் சொல்வது நியாயமன்று என்ற இடத்தில் எனக்கு மறுமொழி இல்லை; என்னால் ஆனதைச் செய்ய விரும்புகிறேன்.

டியூப் மாற்றவும் பிரேக் சரிபார்க்கவும் உங்களில் இருவருக்கு நான் கற்றுத்தருகிறேன். அவர்கள் மற்றப் பெண்களுக்குக் கற்றுத்தரட்டும். ஒவ்வொரு வாரமும் நான் வந்து நிற்பது உங்களுக்குத் தேவையில்லை. இப்போதைக்கு ஒன்று சொல்கிறேன். காற்று இறங்கினால் உடனே புது டியூபைப் போட்டுவிடாதீர்கள். டயரின் உட்புறத்தில் விரலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெடித்த லாரி டயர்களிலிருந்து உதிரும் மயிரிழை போன்ற இரும்புக் கம்பிகள் நம் சாலையோரங்களில் ஏராளம். அது உள்ளே குத்தி நிற்பதை எடுக்காமல் போட்டால் புது டியூபும் சற்றுத் தூரத்திலேயே போய்விடும். பழைய வடிகால் மூடிகளையும் கவனியுங்கள்: இரும்புச் சட்டங்கள் சாலையின் போக்கிலேயே அமைந்திருந்தால் மெல்லிய சக்கரம் இடுக்கில் இறங்கிவிடும். முன்னால் போகிறவர் கையை நீட்டிக் காட்ட வேண்டும்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார்சைக்கிள் தடத்தில் பலர் ஓட்டுகிறார்கள். புதியவர்களை அங்கே அழைத்துப் போக வேண்டாம். அதன் சுரங்கவழிகள் குறுகலானவை, மோட்டார்சைக்கிள்களும் வேகமாக வரும். அதைவிட, மாநகர மன்றம் நகர மையத்துச் சதுக்கமான டத்தாரான் மெர்டேக்காவைச் சுற்றி ஞாயிறு காலை 7 மணி முதல் 9 மணி வரை சாலைகளை மூடி நடத்தும் கார் இல்லாக் காலை உங்களுக்குப் பொருத்தமாக இருக்கும். எந்த ஞாயிறு என்பதை மட்டும் முன்கூட்டியே அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். கோலாலம்பூரில் பெரும்பாலும் 7 மணிக்குப் பிறகே சூரியன் உதிக்கிறது என்பதால், வீட்டிலிருந்து ஓட்டியே வருபவர்களுக்கு முன்னும் பின்னும் விளக்கு கட்டாயம்.

செந்தூல் மங்கை:

தங்கைக்கும் ஆசிரியைக்கும் ஐயாவுக்கும் என் நன்றி. அலுவலகத் தோழி ஒருவரும் பக்கத்துத் தாமானிலிருந்து ஒரு தாயும் மகளும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். முதல் சில வாரங்கள் கெப்போங் ஏரியிலேயே பழகிவிட்டு, பிறகு டத்தாரான் மெர்டேக்காவுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஐயாவிடம் டியூப் மாற்றக் கற்றுக்கொள்ள நானும் அந்த மகளும் வருகிறோம். தனிச்செய்தியில் நாளைக் குறித்துக்கொள்ளலாம். தங்கையிடம் ஒரு சந்தேகம்: எங்களில் யாருமே நன்றாக ஓட்டத் தெரிந்தவர் இல்லையே, அப்படியானால் கடைசியில் யார் வருவது?

தீவுக்காரி, பாயான் லெப்பாஸ்:

வழி நன்றாகத் தெரிந்தவரும் கைப்பேசியில் மின்னூட்டம் நிறைந்தவரும் எவரோ அவர் வரட்டும், அக்கா. ஏரியைச் சுற்றித்தானே, இப்போதைக்கு நீங்களே வரலாம். மகளை முன்னால் விடுங்கள், ஆனால் ஒவ்வொரு சுற்று முடிந்ததும் அவள் நின்று எல்லாரும் வந்து சேரும் வரை காத்திருக்கட்டும்.