மீன் மார்க்கெட்டில் விட்டுவிடலாமா? மூன்று குட்டிகள், காணாமல் போன தாய்

மடிப்பாக்கம்வாசி:

வணக்கம். எனக்குப் பூனை வளர்த்த பழக்கமே இல்லை. மடிப்பாக்கத்தில் பன்னிரண்டு வீடுகள் உள்ள குடியிருப்பில் தரைத்தளத்தில் இருக்கிறோம். மோட்டார் அறையில் பழைய ஃபிளக்ஸ் பேனர் சுருட்டிக் கிடந்தது. அதற்குள் ஒரு தெருப்பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது. ஒன்று செவலை, ஒன்று சாம்பல் வரி, ஒன்று முழுக் கறுப்பு. செவ்வாய் இரவு பெய்த மழையில் அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. குட்டிகள் கத்துகிற சத்தம் கேட்டுப் போய்த் தூக்கி வந்தேன். மிக்சி வந்த அட்டைப்பெட்டியில் பழைய வேட்டியைப் போட்டு வைத்திருக்கிறேன். தாய் அன்றிலிருந்து கண்ணில் படவில்லை.

குட்டிகளுக்குக் கண் திறந்திருக்கிறது. எழுந்து நிற்கப் பார்த்தால் பின்னங்கால் வழுக்குகிறது. பாக்கெட் பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து இங்க் ஃபில்லரில் கொடுத்தேன். நேற்றிலிருந்து மூன்றுக்கும் பேதி.

அசோசியேஷன் வாட்ஸாப் குழுவில், "சாக்கில் போட்டுக் காசிமேட்டில் விட்டுவிடுங்கள், மீன் கிடைக்கும், பிழைத்துக்கொள்ளும்" என்கிறார்கள். செயலாளர் நல்ல மனிதர்தான், அவர் ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். எனக்கு மனசு கேட்கவில்லை, வேறு வழியும் தெரியவில்லை. மூன்றாவது மாடிக்காரர் செவலையை இப்போதே கேட்கிறார். கறுப்பை யாரும் சீந்தவில்லை. என்ன செய்யட்டும்?

பூனைக்கணக்கு:

நான் பெரம்பூர். வங்கியில் முப்பது வருஷம் கேஷ் கவுண்டரில் உட்கார்ந்த புத்தி, எல்லாவற்றையும் நோட்டில் எழுதுவேன். என் நோட்டில் இதுவரை 94 குட்டிகள் இருக்கின்றன. எல்லாமே பிழைத்தன என்று சொல்லமாட்டேன்.

முதலில் அந்தப் பாலை நிறுத்துங்கள். மாட்டுப்பாலில் இருக்கும் லாக்டோஸ் குட்டிகளின் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. தண்ணீர் கலந்தால் சத்து குறையுமே தவிர வயிறு சரியாகாது. செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கென்றே பால்பவுடர் விற்கிறது, விலை கொஞ்சம் கடிக்கும். பேதி ஒரு நாளைத் தாண்டிவிட்டது என்றால் இன்றே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். இந்த வயதில் உடம்பில் இருக்கிற தண்ணீர் ஒரே நாளில் வற்றிவிடும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1903-ல் ஆரம்பித்த கல்லூரி. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்விடுங்கள்.

அடுத்தது சூடு. இந்த வயதில் குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, துண்டைச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு போதும் என்றால் நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் வேண்டும். பாதத்தைத் தொட்டால் சில்லென்று இருக்கும் குட்டிக்குப் பால் கொடுக்கவே கூடாது, செரிக்காது. முதலில் சூடேற்றுங்கள், பால் பிறகு.

ஊட்டும்போது நம் குழந்தையைப் போல் மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள். நான் முதல் வருஷம் அப்படித்தான் செய்து, பால் நுரையீரலுக்குள் போய், ஒரு சாம்பல் குட்டியை என் மடியிலேயே இழந்தேன். நோட்டில் ஏழாவது வரி. குப்புற, தாயிடம் குடிக்கிற மாதிரியே இருக்கவேண்டும். நாலு காலும் துண்டில் பட, தலை லேசாக நிமிர்ந்திருக்கட்டும். ஃபில்லரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஊசியில்லாத சிரிஞ்ச் வாங்குங்கள். சொட்டுச் சொட்டாக, குட்டி விழுங்கிய பிறகு அடுத்த சொட்டு. 100 கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு 4 மில்லி என்பது என் கணக்கு, நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை. இரவிலும்தான்! குடித்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து வாலடியில் மெல்லத் தடவினால் மூத்திரம் வரும். தாய் நக்கிச் செய்கிற வேலை அது. மூன்று வாரம் தாண்டினால் தானே போகப் பழகிவிடும்.

சமையலறைத் தராசில் தினம் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதுங்கள். நாளுக்குப் பத்து, பதினைந்து கிராம் ஏறவேண்டும். நோய் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் தராசில் தெரியும்.

இவ்வளவும் தாய் வராவிட்டால்தான். தாய் செத்திருக்கும் என்று நீங்களாக முடிவு கட்டாதீர்கள். பூனை குட்டிகளை ஏழு வீடு மாற்றும் என்று பாட்டி சொல்வாள், மழைக்கு வேறு இடம் பார்க்கக்கூடப் போயிருக்கலாம். மனிதன் தொட்ட குட்டியைத் தாய் சேர்க்காது என்பது சும்மா பேச்சு. இன்றிரவு மழை இல்லையென்றால் பெட்டியை மோட்டார் அறையின் உயரமான படியில் வையுங்கள். சுற்றிலும் அரிசி மாவை மெல்லிய வட்டமாகத் தூவிவிட்டு நீங்கள் உள்ளே போய்விடுங்கள். அங்கேயே நின்று எட்டிப் பார்த்தால் அது வராது. வேளைக்குப் பாலும் பாட்டிலில் புது வெந்நீரும் தவறக்கூடாது. காலையில் மாவைப் பாருங்கள்.

செயலாளருக்கு ஒன்று சொல்லுங்கள். 1960-ஆம் வருஷத்து விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவு. பட்டினியிலும் தாகத்திலும் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரைதான், டீயும் வடையும் அதைவிடக் கூட ஆகும். ஆனாலும் வாட்ஸாப் குழுவில் சட்டத்தின் பிரிவு எண்ணுக்கு ஒரு மரியாதை உண்டு.

கடலோரத்தான்:

அண்ணே, நான் காசிமேட்டு ஏலத்தில் நிற்கிறவன். விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் அங்கே இருப்பேன். சாக்கை அவிழ்த்துவிட்டு வண்டியைத் திருப்பாமலே போகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். திரும்பிப் பார்த்தால் பாவம் ஒட்டிக்கொள்ளும் என்று பயமோ என்னவோ.

மீன் கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது ஏற்கெனவே இருக்கிற பூனைகளுக்குக் கிடைக்கும். அங்கே இருக்கிற கடுவன்கள் காது கிழிந்து, முகம் வீங்கி, ஆளுக்கொரு பெட்டியடுக்கை வளைத்துப்போட்டு வைத்திருக்கும். வீட்டு வாசலில் வளர்ந்த பூனை அதனிடம் போய் என்ன செய்யும்? நாய் வேறு. புதிதாக வந்தது பயந்துபோய் ஐஸ் லாரிக்கு அடியில் ஒண்டிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் லாரி கிளம்பும். அதற்கு மேல் சொல்லவில்லை. பால் மறக்காத குட்டிக்கு மீன் எதற்கு என்று யாராவது யோசித்தார்களா?

தாய் கிடைத்தால் சொல்லுங்கள். மத்தியும் சங்கரா தலையும் என்னால் கொடுக்க முடியும்.

கால்நடை மாணவன்:

அக்கா எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன். பெட்டி இருக்கிற இடத்தை ஃபினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பூனையின் ஈரலுக்கு அந்த மருந்தை முறிக்கிற சக்தி குறைவு. காலில் ஒட்டியதை நக்கியே விஷம் ஏறும். சோப்புத் தண்ணீர் போதும். குட்டி சூடாக இருக்கிறது என்று பாராசிட்டமால் சிரப் ஒரு சொட்டுகூட வேண்டாம், பூனைக்கு அது உயிர்க்கொல்லி. மூன்றாவது உங்களுக்கு. தாய் கீறினாலோ கடித்தாலோ குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநாய்க்கடி ஊசி பூனைக்கும் சேர்த்துத்தான், அங்கே காசு கிடையாது.

மடிப்பாக்கம்வாசி:

மாவு வேலை செய்துவிட்டது!

டாக்டரிடம் காட்டி வந்தேன், பேதி நின்றுவிட்டது. முதல் இரவு மாவில் ஒன்றுமில்லை. இரண்டாம் இரவும் விடாமல் தூவினேன். ஐந்து மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் வட்டத்தின் ஒரு பக்கம் முழுக்கக் கலைந்து, நாலு விரலும் ஒரு பட்டையுமாகக் காலடிகள். நகக்குறி இல்லை. பெட்டிக்குள் தாய் படுத்திருக்கிறது, மூன்றும் வரிசையாகக் குடிக்கின்றன. என்னைப் பார்த்துச் சீறியது. கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

பெட்டியைப் படியிலேயே விட்டு, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டேன். இன்றைய எடை: செவலை 310, வரி 290, கறுப்பு 235. மூன்றாவது மாடிக்காரர் மறுபடி கேட்கிறார். கொடுக்கலாமா? கொடுத்தால் செயலாளருக்கும் ஒரு தலைவலி குறையும்.

பூனைக்கணக்கு:

இப்போது வேண்டாம். எட்டு வாரம் முடியட்டும். தாயோடும் கூடப்பிறந்ததோடும் கட்டிப்புரண்டுதான் எவ்வளவு வலிக்கக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. முன்னாலேயே பிரித்தால் அந்தப் பாடத்தை உங்கள் மாடிக்காரரின் கையில் படிக்கும். நாலு வாரத்திலிருந்து ஈர உணவு பழக்குங்கள். மீன் கொடுத்தால் உப்பு, வெங்காயம், பூண்டு இல்லாமல் வேகவைத்து முள்ளை எடுத்துவிடுங்கள். எட்டாவது வாரம் முதல் தடுப்பூசி, மூன்று நாலு வாரம் கழித்து அடுத்தது. பூச்சி மருந்து எப்போது, எவ்வளவு என்பதை டாக்டர் எடை பார்த்துச் சொல்லட்டும்.

மாடிக்காரர் நல்லவரா என்று நீங்கள் விசாரிப்பீர்கள். நான் வேறொன்றைக் கேட்பேன். பால்கனியில் வலை இருக்கிறதா?

நோட்டில் 31-ஆவது வரி. மூன்று நிறப் பெட்டைக்குட்டி, நெற்றியில் சந்தனம் வைத்த மாதிரி ஒரு புள்ளி. கேட்டவர்கள் படித்த குடும்பம், பூனை மேல் உயிர். வீட்டைப் போய்ப் பார்த்தேன், காப்பி கொடுத்தார்கள், சாப்பாட்டுத் தட்டு, மணல் தட்டு எல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள். ஹாலில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தேனே தவிர, பால்கனிக் கதவைத் திறந்து பார்க்கவில்லை. நாலாவது மாடி. பதினெட்டாம் நாள் கைப்பிடிச் சுவரில் புறா உட்கார்ந்திருக்கிறது. குட்டிக்குப் புறாதான் கண்ணில் பட்டது, மாடி படவில்லை. அந்த அம்மா போனில் அழுத அழுகைக்கு என்ன பதில் சொல்வது? தப்பு என்னுடையதும்தான். பூனை எங்கிருந்து விழுந்தாலும் காலில் இறங்கிவிடும் என்று இன்னும் சொல்கிறார்கள். காலில்தான் இறங்கியது. தாடை உடைந்திருந்தது.

அதிலிருந்து பால்கனி, ஜன்னல், சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, மூன்றுக்கும் போட்டோ கேட்பேன். புறா வலை ஆணியடித்து இறுக்கிக் கட்டியிருக்கவேண்டும், கொக்கியில் தொங்கவிட்டிருந்தால் செல்லாது. குட்டியை எடுத்துப் போக யாரையும் வரச்சொல்லமாட்டேன், நானே கொண்டுபோய் விடுவேன். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை பேசுவேன். சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும்.

முடிந்தால் வரியையும் கறுப்பையும் சேர்த்தே கொடுங்கள். இரண்டாக இருந்தால் ஒன்றோடொன்று மல்லுக்கட்டிக்கொள்ளும், வீட்டுச் சாமான் பிழைக்கும். செவலை பெரும்பாலும் கடுவனாகத்தான் இருக்கும், டாக்டரிடம் ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள்.

தாயை மறக்காதீர்கள். பாலூட்டும்போதே மறுபடி சினையாகும், 65 நாளில் அடுத்த ஈற்று. குட்டிகளுக்கு மட்டும் வீடு தேடினால் பொங்கல் கழித்து நீங்கள் மறுபடி இங்கே வந்து கேள்வி கேட்பீர்கள். குட்டிகள் பால் மறந்ததும் கருத்தடை செய்து, அங்கேயே விட்டுவிடுங்கள். பால் சுரக்கிற பூனைக்கு விலாப் பக்கம் வெட்டிச் செய்கிற டாக்டராகக் கேட்டுப் பாருங்கள், மடியில் கத்தி படாது. இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள், இன்னொருத்தர் பிடித்துப்போய் மறுபடி அறுக்காமலிருக்க அதுதான் அடையாளம். அதைத் துரத்திவிட்டாலும் அந்த இடம் காலியாக இருக்காது என்று செயலாளரிடம் சொல்லுங்கள், அடுத்த தெருப் பூனை குடிவரும். என் கூண்டைத் தருகிறேன். சுட்ட நெத்திலிக் கருவாடு வையுங்கள், மாட்டாத பூனை இல்லை.

மடிப்பாக்கம்வாசி:

ஆறு வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும். மூன்றாவது மாடிக்காரர் வலைக்கு ஆள் கூப்பிட்டார். விலையைக் கேட்டு முகம் சுளித்தார், பத்து நாள் பேசவில்லை. அப்புறம் போட்டுவிட்டார். செவலை கடுவன்தான், போன ஞாயிறு கொண்டுபோய் விட்டேன்.

தாய்க்கு அறுவை சிகிச்சை ஆயிற்று. கருவாட்டுக்கு நாலாவது நிமிடம் மாட்டியது. ஐந்து நாள் எங்கள் குளியலறையில் இருந்தது, இரவெல்லாம் கச்சேரி. இப்போது மோட்டார் அறை வாசலில் படுத்துக்கொண்டு செயலாளரைப் பார்த்துச் சீறுகிறது. அவரே தினமும் தண்ணீர் வைக்கிறார், கேட்டால் இல்லை என்கிறார். கடலோரத்துத் தம்பி அனுப்பிய மத்திக்கு நன்றி.

வரியையும் கறுப்பையும் எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் சேர்த்தே கேட்கிறார். அரிசி மூட்டையில் எலித் தொல்லையாம். கறுப்பு பரவாயில்லையா என்றேன். "கல்லாப்பெட்டி பக்கத்தில் கறுப்பு இருந்தால் கண் படாது" என்கிறார். கடை, வீடு ஒரே கட்டடம், இரவு ஷட்டர் போட்டபின் பின்கட்டு வழியாக வீட்டுக்குள் வந்துவிடும். கொடுக்கலாமா?

பூனைக்கணக்கு:

எலி மருந்து வைக்கிறாரா?

மடிப்பாக்கம்வாசி:

கேட்கவே தோன்றவில்லை. கேட்டேன். சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் இரண்டு கட்டி இருந்ததாம்.

பூனைக்கணக்கு:

மருந்து தின்ற எலியைப் பூனை தின்றாலும் பூனைக்குள் ரத்தம் கசிந்து சாகும். எல்லாக் கட்டிகளையும் எடுத்துப் போட்டு, கடையைப் பெருக்கி, பத்து நாள் கழித்துக் கொண்டுபோய் விடுங்கள். நடுவில் ஒருமுறை சொல்லாமல் போய் மூட்டைக்குப் பின்னால் பாருங்கள். கடைசித் தடுப்பூசித் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். கருத்தடைக்கு ஐந்தாவது மாதம் அவர் கூட்டிப்போகிறாரா, நீங்களா என்பதை இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

மடிப்பாக்கம்வாசி:

இன்று காலை விட்டுவிட்டு வந்தேன். மருந்து இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். கருத்தடைக்கு நான்தான் கூட்டிப்போகிறேன், செலவு பாதி அவர். வரி நேராகப் பருப்பு மூட்டைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. கறுப்பு எலக்ட்ரானிக் தராசில் ஏறி உட்கார்ந்தது: 1 கிலோ 60 கிராம். உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள் அக்கா. கூண்டைக் கழுவிக் காயவைத்திருக்கிறேன், சனிக்கிழமை பெரம்பூர் வந்தால் வீட்டில் இருப்பீர்களா?