சுகரே இல்லாத பெண்ணுக்கு எதுக்கு மெட்ஃபார்மின்? (பிசிஓஎஸ்)

நாளமில்லா:
எடைக்குறைப்பு இழையில் மாத்திரைமணி சார் உதிர்த்த முத்து இது: "பிசிஓஎஸ்ஸுக்கு மெட்ஃபார்மின் 2007-லயே தோத்துப்போன மாத்திரை. சுகர் நார்மல்னா தொடவே வேண்டாம்." அங்கே பதில் போட்டால் இழை கெடும் என்று தனியாகத் திறக்கிறேன். புதுசா வர்றவங்களுக்கு: பிசிஓஎஸ்னா சினைப்பை சார்ந்த ஹார்மோன் கோளாறு, மெட்ஃபார்மின் சர்க்கரை நோய்க்குக் கொடுக்கிற மாத்திரை.

சுகர் நார்மலாக இருப்பதே கணையம் கூடுதல் இன்சுலினைக் கொட்டுவதால்தான். மோட்டார் திணறித் திணறி ஓடினாலும் தொட்டி நிரம்பத்தான் செய்யும். அதனால் மோட்டார் நல்லா இருக்குன்னு ஆயிடுமா? அந்த உபரி இன்சுலின் சினைப்பையின் தீக்கா செல்களில் பிட்யூட்டரி ஹார்மோனான எல்.ஹெச்.சோடு சேர்ந்து ஆண் ஹார்மோனான ஆண்ட்ரோஜனை ஏத்துது. கல்லீரலில் டெஸ்டோஸ்டிரோனைக் கட்டிப்போடற எஸ்.ஹெச்.பி.ஜி. புரதத்தைக் குறைக்குது, அதனால் ரத்தத்தில் கட்டுப்படாத டெஸ்டோஸ்டிரோன் கூடுது. மாதவிலக்கு தள்ளிப்போறதும் முகத்தில் முடி வளர்றதும் இதோட விளைவு. மெட்ஃபார்மின் குறைப்பது அந்த இன்சுலினை.

கருத்தரிப்புக்கு மெட்ஃபார்மினை, சினைமுட்டையை வெளிவர வைக்கிற க்ளோமிஃபீன் மருந்தோட ஒப்பிட்ட 2007 ஆய்வைத் தூக்கிட்டு வர்றவங்க ஒண்ணை மட்டும் மறைப்பாங்க. அதில் கொடுத்தது மெதுவா மருந்தை விடற எஸ்.ஆர். மாத்திரை. சாதா மாத்திரை இல்லை.

மாத்திரைமணி:
முத்துன்னு சொன்னதுக்கு நன்றி. எண்களைப் போடாம நழுவிட்டீங்களே, நான் போடறேன். அமெரிக்கா, 626 பெண்கள், ஆறு சுழற்சி வரை சிகிச்சை. குழந்தை உயிரோட பிறந்தது: க்ளோமிஃபீனில் 22.5 சதவீதம், மெட்ஃபார்மினில் 7.2, ரெண்டும் சேர்த்ததில் 26.8. அந்த 26.8-க்கும் 22.5-க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிக்கலை.

எஸ்.ஆர். கொடுத்ததால தோத்துச்சாம்! ஒரே மொத்த அளவு கொடுத்தா உடம்புக்குள்ள போற மருந்து ரெண்டிலும் ஏறக்குறைய ஒண்ணுதான். சாதா மாத்திரை இரண்டரை மணி நேரத்தில் ரத்தத்தில் உச்சத்துக்குப் போகும், எஸ்.ஆர். ஏழு மணி நேரத்தில். இதை வெச்சு 7.2-ஐ 22 ஆக்க முடியும்னா ஆக்கிக் காட்டுங்க.

நாளமில்லா:
உச்சம் குறையுதுன்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்க. அதைத்தான் நானும் சொல்றேன். எஸ்.ஆர்.

மாத்திரைமணி:
நான் எதையும் ஒத்துக்கலை. தாமதமாகுதுன்னேன். குறைந்தாலும் லேசாத்தான் குறையும், மொத்தம் மாறாது. கல்லீரலுக்கு நாள் முழுக்கப் போய்ச் சேர்ற மருந்துதான் கணக்கு, ஒரு மணி நேரத்து உச்சம் இல்லை.

செம்பருத்தி:
ரெண்டு பேரும் சதவீதத்தில் மல்லுக்கட்டுங்க. நடைமுறையில் இந்த மாத்திரை தோக்கறது எங்கேன்னா, எடுத்த எடுப்பில் 1000 மி.கி. எழுதிக் கொடுக்கறதில்தான். மூணாம் நாள் வயித்தாலே போய் நிறுத்திடுறாங்க, அப்புறம் "எனக்கு ஒத்துக்கலை"ன்னு முத்திரை. ராத்திரி சாப்பாட்டோட 500-ல ஆரம்பிக்கணும். ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை 500 கூட்டி 1500, 2000-க்குக் கொண்டுபோகணும். 2023 சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டுதல் பெரியவங்களுக்கு நாளைக்கு 2.5 கிராமும் பதின்வயசுக்காரங்களுக்கு 2 கிராமும் உச்ச வரம்புன்னு சொல்லுது. வெறும் வயித்தில் போடக் கூடாது.

வயிறு தாங்கலைன்னாதான் எஸ்.ஆர். அதை உடைக்கவோ மெல்லவோ கூடாது, மெதுவா கரையற அமைப்பே போயிடும். மலத்தில் முழு மாத்திரை மாதிரியே ஒரு வெளுத்த கூடு வெளியே வரும். மருந்து இறங்கிட்டு சக்கை மட்டும் வர்றது அது, பயந்து இன்னொண்ணு போட்டுடாதீங்க.

வருஷக்கணக்கில் சாப்பிட்டா பி12 குறையும், சைவச் சாப்பாட்டுக்காரங்க கட்டாயம் பார்க்கணும். வாந்தி, பேதி, கடும் காய்ச்சல்னா உடம்பு தேறும் வரை நிறுத்தி வைக்கணும். சிறுநீரகம் வடிகட்டற வேகத்தைக் காட்டும் ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருந்தா கொடுக்கவே கூடாது. லாக்டிக் அமிலம் ஏறிடும்.

நாளமில்லா:
பார்த்தீங்களா, "வயிறு தாங்கலைன்னாதான் எஸ்.ஆர்."னு செம்பருத்தியே சொல்றாங்க. அப்போ முதல் தேர்வு சாதா மாத்திரை. 2007-ல அது இல்லை.

செம்பருத்தி:
என்னை ஏன் இழுக்கறீங்க? நான் வயித்தைப் பத்திச் சொன்னேன்.

வைகை_வாசி:
க்ளோமிஃபீனா மெட்ஃபார்மினான்னு இன்னும் சண்டை போடறதே பழங்கஞ்சி. 2014-ல 750 பேர் ஆய்வு வந்தாச்சு. குழந்தை உயிரோட பிறந்தது, சினைமுட்டைக்குக் கொடுக்கற இன்னொரு மருந்தான லெட்ரோசோலில் 27.5 சதவீதம், க்ளோமிஃபீனில் 19.1. குழந்தைதான் வேணும்னா லெட்ரோசோல் முதலில்.

மாத்திரைமணி:
வாங்க வைகை. கருத்தரிப்புக்கு லெட்ரோசோல் கொடுக்க இந்தியாவில் 2011-ல தடை போட்டப்ப "சரியான முடிவு"ன்னு இதே மன்றத்தில் கைதட்டினது யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. 2017-ல தடையை எடுத்ததும் அந்தப் பதிவு மாயமாப் போச்சு.

வைகை_வாசி:
அப்போ கர்ப்பப் பாதுகாப்புத் தரவு போதலை. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? மெட்ஃபார்மினுக்கு பதில் சொல்லுங்க அண்ணே.

மாத்திரைமணி:
சொல்றேன், எல்லாருக்கும் சேர்த்து. அதே 2007 ஆய்வில் சுழற்சிக்குச் சுழற்சி சினைமுட்டை வெளியானது மெட்ஃபார்மினில் 29 சதவீதம், க்ளோமிஃபீனில் 49. ரெண்டும் சேர்ந்தா 60.4. முட்டை வருது, குழந்தை வரலை. வழிகாட்டுதலும் இதை விட்டுக்கொடுக்கலை. கருத்தரிக்க மெட்ஃபார்மின் தனியாகக் கொடுக்கலாம், ஆனா இதைவிட நல்ல மருந்து இருக்குன்னு சொல்லிட்டுக் கொடுங்கன்னுதான் எழுதியிருக்கு. பி.எம்.ஐ. (உயரத்துக்கேத்த எடைக் கணக்கு) 25-ம் அதுக்கு மேலயும்னா உடல் எடைக்கும் சர்க்கரை, கொழுப்புக்கும் பரிந்துரை. அதுக்குக் கீழேன்னா "யோசிக்கலாம்", அவ்வளவே. முகத்து முடிக்குக் கருத்தடை மாத்திரை அளவுக்கு இது வேலை செய்யாது. மூணு மாசத்துக்கு மேல மாதவிலக்கு இல்லைன்னா கருப்பை உட்சவ்வு தடிச்சுக்கிட்டே போகும், அதுக்குப் புரோஜெஸ்டோஜன் ஹார்மோன் கொடுத்து விலக்கு வர வைக்கணும். மெட்ஃபார்மினை மட்டும் கையில் கொடுத்துட்டுக் காத்திருக்கிறது ஆபத்து. இன்சுலினைப் பத்திப் பக்கம் பக்கமா எழுதறவங்க இதை எழுத மாட்டாங்க.

நாளமில்லா:
29-ன்னு ஒத்துக்கிட்டதே பெருசு. அதுவும் எஸ்.ஆர்.-ல. சாதாவில் எவ்வளவு வந்திருக்கும்?

மாத்திரைமணி:
நடக்காத ஆய்வோட முடிவை எங்கிட்ட கேக்கறீங்க. ஜோசியர்கிட்ட போங்க.

நாளமில்லா:
அந்தப் பெண்களோட சராசரி பி.எம்.ஐ. 35 பக்கம். அதை நம்ம ஊர்ப் பெண்ணுக்கு அப்படியே ஒட்ட முடியாது. இங்கே 23-லயே கூடுதல் எடைக் கணக்கு ஆரம்பிக்குது. ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலின் சொல்றதை உடம்பு சரியா கேக்காதது) இருக்கு, அதை அளக்கற ஹோமா கணக்கு பார்த்தா தெரிஞ்சிடும்.

மாத்திரைமணி:
வந்துட்டார் ஹோமா! வெறும் வயித்து இன்சுலினைச் சுகரால பெருக்கி 405-ஆல வகுத்து 2.7 வந்துச்சு, 3.1 வந்துச்சுன்னு பயமுறுத்தறது. இன்சுலின் பரிசோதனை துல்லியமா இல்லை, வழக்கமா பார்க்க வேண்டாம்னு அதே வழிகாட்டுதல் சொல்லுது. 75 கிராம் குளுக்கோஸ் குடிச்சுப் பார்க்கற சோதனைதான் உருப்படி. அதை லேபில் கேட்டா ரெண்டு மணி நேரம் உக்கார ஆள் வராது, அதனால ஹோமா.

செம்பருத்தி:
மெட்ஃபார்மின் வயித்துக்கு ஆகாதவங்க மயோ-இனோசிட்டால்ங்கற துணைச் சத்து எடுக்கலாமே? வயித்துத் தொல்லை ரொம்பக் குறைவு.

வைகை_வாசி:
ஆய்வுகளில் வழக்கமா கொடுத்தது நாளைக்கு 4 கிராம். நம்ம மருந்துக்கடை மாத்திரையில் 550 மி.கி. மயோவும் இனோசிட்டாலோட இன்னொரு வகையான டி-கைரோ 13.8 மி.கி.யும். ரெண்டு வேளைன்னா 1.1 கிராம். மீதி 2.9 கிராம் எங்கே? விலை மட்டும் மெட்ஃபார்மினைவிடப் பல மடங்கு.

செம்பருத்தி:
பவுடர் பாக்கெட்டும் இருக்கு சார், கடைக்குப் போய்ப் பாருங்க. தடைக்குக் கைதட்டினவர் அளவைப் பத்திப் பேசறார்.

வைகை_வாசி:
நான் கைதட்டலை! இணைப்பு இருந்தா போடச் சொல்லுங்க.

நாளமில்லா:
இழை மெட்ஃபார்மினைப் பத்தி. 2007-ல கொடுத்தது எஸ்.ஆர். இதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லலை.

மாத்திரைமணி:
மூணு தடவை சொல்லியாச்சு. நாலாவது தடவைக்கு ஃபீஸ் உண்டு. வைகை, பழைய மன்றத்தின் பக்கப் பிரதியைத் தேடிக்கிட்டிருக்கேன், ஓடிப் போயிடாதீங்க.